எந்த ஊர்ப் பிள்ளை?

மதிப்பெண்ணோடு பிறந்து வளர்ந்த ஊரையும் கேட்டு மாணவர்களைச் சேர்க்கிறது வடக்கு ஒன்டாரியோவின் மருத்துவக் கல்லூரி. அந்தக் கேள்வியால் விளைந்தது என்ன?

டொரான்டோவிலிருந்து காரில் வடக்கே கிளம்பினால் நாலு மணி நேரத்தில் சட்பரி வந்துவிடும். நிக்கல் சுரங்கங்களால் வளர்ந்த நகரம் அது. டொரான்டோக்காரர்கள் பலருக்கு ‘வடக்கு’ என்றால் அதுதான். ஆனால் அங்கிருந்து மேற்கே இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் போனால்தான் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் தண்டர் பே வரும். அதையும் தாண்டி மானிடோபா எல்லை வரைக்கும் டிரைடன், கெனோரா, சூ லுக்கவுட் என்று சின்னச் சின்ன ஊர்கள். இன்னும் வடக்கே, ஹட்சன் விரிகுடா வரை, பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள். அவற்றில் பலவற்றுக்கு ஆண்டு முழுக்கப் போய்வரும் சாலை கிடையாது. விமானத்தில் போக வேண்டும். அல்லது ஏரிகளும் சதுப்பும் இறுகி உறையும் கடுங்குளிரில், பனியின் மேலேயே போடப்படும் தற்காலிகச் சாலையில் போக வேண்டும்.

ஒன்டாரியோ மாகாணத்தின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வடக்குப் பகுதிதான். பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு. அவ்வளவு பெரிய நிலத்தில் இருப்பவர்கள் சுமார் 8 லட்சம் பேர், ஏறக்குறைய நம் அரியலூர் மாவட்டத்து மக்கள்தொகை. இத்தனை பேருக்கும் பிரசவம், மாரடைப்பு, சர்க்கரை நோய், மனச்சோர்வு எல்லாம் மற்றவர்களுக்கு வருவது போலத்தான் வருகின்றன. டாக்டர்தான் வரமாட்டார். வந்தாலும் தங்கமாட்டார்.

கனடா பணக்கார நாடு. மருத்துவச் செலவை அரசே ஏற்கிறது. வடக்கே வரும் டாக்டர்களுக்கு ஊக்கத்தொகை, கூடுதல் சம்பளம் என்று பல திட்டங்களைப் போட்டுப் பார்த்தது. தற்காலிகமாக வந்து போகிறவர்களை வைத்து மருத்துவமனைகள் காலம் தள்ளின. அந்த ஊர்களில் ஒருவர் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு வெவ்வேறு டாக்டர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் முறை சொன்ன கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கே தப்பு என்று தேடியவர்கள் கடைசியில் கல்லூரி வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒன்டாரியோவின் ஐந்து மருத்துவக் கல்லூரிகளும் தெற்கே இருந்தன. டொரான்டோ, ஹாமில்டன், லண்டன், கிங்ஸ்டன், ஆட்டவா. அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெருநகரத்துப் பிள்ளைகள். படிப்பது பெரிய மருத்துவமனையில், காதலும் கல்யாணமும் அமைவது அதே நகரத்தில். படித்து முடித்ததும் ‘வடக்கே கப்பஸ்கேசிங் போ’ என்றால் எப்படிப் போவார்கள்? அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஊரைக் கேட்டுக் கட்டிய கல்லூரி

2001-ல் ஒன்டாரியோ அரசு வடக்குக்கென ஒரு மருத்துவக் கல்லூரியை அறிவித்தது. சட்பரியில் லாரன்ஷியன் பல்கலைக்கழகம், தண்டர் பேயில் லேக்ஹெட் பல்கலைக்கழகம், இரண்டும் சேர்ந்து நடத்திய ஒரே கல்லூரி. நார்தர்ன் ஒன்டாரியோ ஸ்கூல் ஆஃப் மெடிசின் என்ற பெயரைச் சுருக்கி ‘நோஸம்’ என்கிறார்கள். 30 ஆண்டுகளுக்கு மேலாகக் கனடாவில் புது மருத்துவக் கல்லூரி எதுவும் வந்திருக்கவில்லை. முதல் டீனாக 2002-ல் வந்தவர் ரோஜர் ஸ்ட்ராஸர். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஊரக மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 2019 வரை டீனாக இருந்தார்.

பாடத்திட்டம் எழுதுவதற்கு முன்னால் அவர்கள் செய்த காரியம் முக்கியமானது. 2003-ல் கெனோரா பக்கத்தில் வாஷுஷ்க் ஒனிகம் என்ற பூர்வகுடி ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. எங்கள் டாக்டர் எப்படி இருக்க வேண்டும், எங்கள் பிள்ளைகள் டாக்டராக என்ன செய்ய வேண்டும் என்று பூர்வகுடிப் பெரியவர்களும் மக்களும் பேச, கல்லூரிக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சு பேசும் மக்களையும் அப்படியே கூட்டிப் பேசினார்கள். 2005-ல் 56 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. பிற்பாடு இடங்கள் 64 ஆகி, இப்போது அதற்கும் மேலே கூட்டப்பட்டு வருகின்றன. 2022 ஏப்ரல் 1 முதல் நோஸம் தனிப் பல்கலைக்கழகம். அதன் முதல் தலைவர் டாக்டர் சரிதா வர்மா.

விண்ணப்பத்தில் இருப்பது

ஒன்டாரியோவின் மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே பொது விண்ணப்ப மையம்தான். கனடாவில் பிளஸ் டூ முடித்த கையோடு மருத்துவம் சேர முடியாது. பொதுவாக முதலில் ஒரு பட்டம் வேண்டும். நோஸம் கேட்பது நாலு வருடப் பட்டம். எந்தப் பாடத்தில் என்பது பற்றிக் கவலையில்லை. உயிரியல், வேதியியல் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இசையோ வரலாறோ சமூகப் பணியோ படித்தவரும் போடலாம். வட அமெரிக்காவில் மருத்துவம் படிக்க நினைப்பவர்களைத் தூங்கவிடாத ‘எம்கேட்’ நுழைவுத் தேர்வையும் நோஸம் கேட்பதில்லை. அந்தத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பும் அதற்குக் கட்டும் பணமும் பெருநகரங்களில்தான் புழங்குகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

பட்டப்படிப்பின் மதிப்பெண் கட்டாயம் பார்க்கப்படுகிறது. 4-க்குக் குறைந்தது 3 இருக்க வேண்டும். அது வாசலில் நிற்பதற்கான தகுதி மட்டுமே. இடம் வாங்குகிறவர்களின் சராசரி அதைவிட வெகுவாக மேலே இருக்கிறது. ஏறத்தாழ 2,000 விண்ணப்பங்கள் வந்து குவியும் கல்லூரியில் படிப்பில் மந்தமானவர்களுக்கு இடமில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘ஊர்க்கார ஒதுக்கீடு’ என்றதும் தரம் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். நோஸம் மாணவர்களும் மற்றவர்கள் எழுதும் அதே தேசியத் தேர்வை எழுதித்தான் டாக்டராகிறார்கள்.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நீங்கள் எந்தெந்த ஊர்களில் வாழ்ந்திருக்கிறீர்கள்? வடக்கு ஒன்டாரியோவிலா? கனடாவின் வேறு பகுதியிலுள்ள கிராமத்திலா, தொலைதூரச் சிற்றூரிலா? பூர்வகுடியைச் சேர்ந்தவரா? பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவரா? இவற்றுக்கு மதிப்பிட்டு, மதிப்பெண்ணோடும் விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி எழுதியதோடும் சேர்த்துத்தான் நேர்காணலுக்கு அழைக்கிறார்கள்.

ஹர்ஸ்ட் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை 11-ல், காட்டுக்கு நடுவே, மரம் அறுக்கும் ஆலைகளை நம்பி வாழும் 5,000 பேர் கொண்ட ஊர். வீட்டில் பேசுவது பிரெஞ்சு. அங்கே ஆலைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த ஒரு பெண், பனிக்காலத்தில் பாட்டியை ஸ்பெஷலிஸ்டிடம் காட்ட அப்பா எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டினார் என்பதைப் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்திருப்பாள். டொரான்டோவில் ஆராய்ச்சிக்கூடத்தில் கோடை விடுமுறையைக் கழித்த மாணவருக்கு அது நல்ல அனுபவம்தான். ஆனால் ஹர்ஸ்டில் டாக்டராக இருக்க எந்த அனுபவம் கைகொடுக்கும் என்று கேட்டால் எனக்குப் பதிலில் தயக்கமில்லை. பின் சீட்டில் இருந்த பெண்ணுக்கு அதுவரை எந்த விண்ணப்பமும் அந்த அனுபவத்துக்கென ஒரு கட்டம் கொடுத்ததில்லை. நோஸம் கொடுத்தது.

தம்மைப் பற்றி எழுதும் பகுதியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘கிராம மக்களுக்குச் சேவை செய்வது என் கனவு’ என்று எழுதுவது எவருக்கும் எளிது. ஊரில் வாழ்ந்தவரின் எழுத்தில் ஊர்க் காரியங்கள் தாமாக வந்து விழும். ஊர்த் தீயணைப்புப் படையில் தன்னார்வலராக இருந்தது, முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தது, தம்பி தங்கைகளை வளர்த்தது, குடும்பத்துக்காகப் படிப்போடு வேலையும் பார்த்தது. சம்பளத்துக்குப் பார்த்த சாதாரண வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் தங்களிடம் இருப்பதிலேயே உருப்படியானதை விட்டுவிடுகிறார்கள்.

நேர்காணல் நம்மூர் இன்டர்வியூ போல ஒரே அறையில் முடிவதில்லை. ஹாமில்டனில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது. வரிசையாகப் பல அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு சூழ்நிலை எழுதி ஒட்டியிருக்கும். நின்று படிக்கச் சிறிது நேரம், உள்ளே போய்ப் பேசச் சில நிமிடம், மணி அடித்ததும் அடுத்த அறை. ஒவ்வோர் அறையிலும் வேறு வேறு ஆள். ஒருவரிடம் சொதப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது. ஒரே ஒரு பேராசிரியரின் விருப்பு வெறுப்பில் ஒருவரின் வாழ்க்கை தொங்குவதும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மதிப்பிடுகிறவர்களில் டாக்டர் அல்லாத ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள் என்பது. நாளைக்குத் தன் ஊருக்கு வரப்போகிறவரை, தன் அம்மாவின் நாடியைப் பிடிக்கப் போகிறவரை, அந்த ஊர்க்காரர் இன்றைக்கே உட்கார்ந்து பார்க்கிறார். இந்தப் பெண் நம்மிடம் நின்று பேசுவாளா, நாம் சொல்வதைக் காதில் வாங்குவாளா என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

சேர்ந்த பிறகு

விண்ணப்பத்தில் ஏன் இதையெல்லாம் கேட்கிறார்கள் என்பது படிப்பைப் பார்த்தால் விளங்கும். முதலாண்டிலேயே நாலு வாரம் ஒரு பூர்வகுடி ஊரில் போய்த் தங்க வேண்டும். மருத்துவமனையைப் பார்ப்பதற்காக அனுப்புவதில்லை. அந்த மக்களோடு வாழ்ந்து, அவர்கள் வரலாற்றையும் வழக்கத்தையும் தெரிந்துகொள்ளத்தான். இரண்டாம் ஆண்டில் சிற்றூர்களில் நாலு நாலு வாரமாக இரண்டு முறை. மூன்றாம் ஆண்டில் எட்டு மாதம் ஒரே சிறு நகரத்தில்.

இந்த எட்டு மாதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் துறை துறையாகச் சுற்றுவார்கள். அறுவைச் சிகிச்சையில் சில வாரம், மகப்பேற்றில் சில வாரம், குழந்தைகள் பிரிவில் சில வாரம். நோஸம் மாணவர் ஒரு குடும்ப டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு எல்லாத் துறையையும் சேர்த்தே கற்கிறார். முதல் மாதம் கர்ப்பிணியாக வந்தவரின் பிரசவத்தில் உடன் இருக்கிறார். பிறகு அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறார். அதே வீட்டுத் தாத்தாவின் மூச்சிரைப்பையும் அவரே பார்க்கிறார். கடைத்தெருவில் நோயாளி எதிரே வந்து நலம் விசாரிக்கிறார். டிரைடன், ஃபோர்ட் ஃபிரான்சிஸ், கப்பஸ்கேசிங், பேரி சவுண்ட் போன்ற ஊர்களுக்கு இப்படி மாணவர்கள் போகிறார்கள். நோயைத் தனியாகவும் ஆளைத் தனியாகவும் பார்க்க அந்த ஊர்கள் விடுவதில்லை. நாலாம் ஆண்டில்தான் சட்பரி, தண்டர் பேயின் பெரிய மருத்துவமனைகள். பெரிய மருத்துவமனையில் வேரூன்றிய பிறகு கிராமத்தை எட்டிப் பார்க்கும் வழக்கமான வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றிவிட்டார்கள்.

பலன்? மாணவர்களில் 92 சதவிகிதம் பேர் வடக்கு ஒன்டாரியோவைச் சேர்ந்தவர்கள் என்று கல்லூரியின் ஆய்வுகள் சொல்கின்றன. பட்டம் பெற்றவர்களில் 62 சதவிகிதம் பேர் குடும்ப மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இது நாட்டுச் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இளநிலைப் படிப்பையும் அதற்குப் பிந்தைய பயிற்சியையும் நோஸமிலேயே முடித்தவர்களில் 94 சதவிகிதம் பேர் வடக்கிலேயே தங்கிவிட்டார்கள்.

அவர்களிடம் இதற்காக எந்தப் பாண்டு பத்திரத்திலும் கல்லூரி கையெழுத்து வாங்கவில்லை. ‘இத்தனை வருடம் கிராமத்தில் வேலை செய்யாவிட்டால் இத்தனை லட்சம் கட்டு’ என்ற மிரட்டல் கிடையாது. தண்டனைக் காலத்தை எண்ணிக்கொண்டிருக்கும் டாக்டரிடம் போய் நிற்கும் கிராமத்து நோயாளியின் நிலைமையை நாம் அறிவோம். அந்த நோயாளிக்கும் ஒரு மரியாதை உண்டு என்று நினைக்கிறவன் நான்.

வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் எல்லா மாநிலங்களும் சேர்ந்து 1972-ல் தொடங்கியது ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம். 47 மாநிலங்களும் ஆண்டுதோறும் தத்தம் பங்குக்கு இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. ஆறு வருடப் படிப்புச் செலவு கடனாகத் தரப்படும். சொந்த மாநிலத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தால் கடன் ரத்து. ஒப்பந்தம் கடுமையானதுதான். ஆனாலும் காலம் முடிந்த பிறகும் பெரும்பாலோர் அந்த மாநிலத்திலேயே தங்கினார்கள். பிலிப்பைன்ஸின் லேய்ட்டே தீவில் 1976-ல் தொடங்கிய சுகாதார அறிவியல் பள்ளியில் ஊரே மாணவரை முன்மொழிகிறது. முதலில் மருத்துவச்சிப் பயிற்சி, ஊருக்குத் திரும்பிச் சேவை, ஊர் நற்சான்று தந்தால் நர்ஸ் படிப்பு, மறுபடி ஊர், அதற்கும் பிறகுதான் மருத்துவம். எந்தப் படியில் நின்றுவிட்டாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். டாக்டர்களையும் நர்ஸ்களையும் உலகுக்கெல்லாம் ஏற்றுமதி செய்யும் அந்த நாட்டில், இந்தப் பள்ளியில் படித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நாட்டை விட்டுப் போகவில்லை. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் தொலைதூர ஊர்களில் சுகாதாரப் பணியாளர்களைத் தக்கவைக்கப் பரிந்துரைகள் வெளியிட்டபோது, கிராமப் பின்னணி கொண்ட மாணவர்களைத் தேடிச் சேருங்கள் என்பதைத்தான் முதலில் வைத்தது.

நோஸம் வந்து 20 ஆண்டான பிறகும் வடக்கு ஒன்டாரியோவில் நூற்றுக்கணக்கான டாக்டர் இடங்கள் காலி. ஓய்வு பெறும் டாக்டர்களின் இடத்தை நிரப்பவே பட்டம் பெற்று வரும் ஒவ்வோர் அணியும் போதாமல் இருக்கிறது. ஆனால் இந்த 20 ஆண்டில் அந்தக் கல்லூரியே இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை கிளினிக்குகள் இழுத்து மூடப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வேலூரில் நடந்தது

ஆளைப் பார்த்து எடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் திருச்சபைகள் தங்கள் மாணவர்களை அனுப்பும். படித்து முடித்ததும் டாக்டர் இல்லாத ஊர்களின் மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு வருடம் வேலை. சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வு போக, மாணவர்களை வேலூருக்கே வரவழைத்துச் சில நாட்கள் வைத்திருந்து, குழுவாக வேலை கொடுத்து, எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்ப்பார்கள். வார்தா பக்கத்தில் காந்தி வாழ்ந்த சேவாகிராமத்தில், டாக்டர் சுசீலா நய்யார் 1969-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் காந்தியச் சிந்தனைக்கென்று ஒரு தாளே இருந்தது.

நீட் வந்து இரண்டையும் ஒரே தரவரிசைக்குள் அடக்கிவிட்டது. 2017-ல் சி.எம்.சி. தன் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் 99-ஐ நிரப்பாமல் விட்டு, ஒரே ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்டது. எங்களுக்குத் தேவையான டாக்டரை நாங்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது என்றால் என்ன செய்வது என்ற தவிப்பின் வெளிப்பாடு அது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்லூரிகளும் நீட் வழியாகத்தான் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தனியார் கல்லூரிகளில் பணத்துக்கு இடம் விற்றதைத் தடுக்க ஒரு பொது அளவுகோல் வேண்டும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று மணி நேரத் தாளில் அளக்க முடியாத ஒன்றை அளந்துகொண்டிருந்த இடங்களையும் அதே கத்தி வெட்டியது நஷ்டம்தான்.

அதே 2020-ல் தமிழ்நாடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித இடத்தைச் சட்டமாக்கியது. நீதிபதி கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 சதவிகிதம். அந்த ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள் எந்த ஊர்க்காரர்கள், படித்து முடித்து எங்கே வேலை செய்கிறார்கள் என்று அரசு தொடர்ந்து கணக்கெடுத்து வெளியிட வேண்டும். நோஸமின் வாதத்துக்கு வலு தந்தது அதன் மாணவர்களை ஆண்டு தவறாமல் பின்தொடர்ந்து எடுத்த கணக்குதான். கொல்லிமலையிலோ ஜவ்வாது மலையிலோ பிறந்த ஒரு பெண் திரும்ப அந்த மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே டாக்டராகப் போகிறாளா என்பது அந்த ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் சேர்ந்தே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஸ்கார்பரோ, மார்க்கம் பிள்ளைகளுக்கு

இந்தியாவிலிருந்து நோஸமுக்கு விண்ணப்பிக்க முடியாது. கனடாவின் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே போடலாம். வெளிநாட்டு மாணவர்களையும் சேர்க்கும் ஊரகக் கல்லூரி வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 2000-ல் தொடங்கிய ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி இருக்கிறது. கட்டணம் பெரிது.

டொரான்டோவைச் சுற்றி வளரும் ஈழத் தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளில் ‘எங்கட பிள்ளை டொக்டராக வேணும்’ என்ற ஆசை எவ்வளவு என்பது தெரிந்ததே. அவர்களுக்கு நோஸமின் கதவு குறுகியது. அதை மறைத்துப் பயனில்லை. புள்ளிக்காகச் சட்பரியில் ஒரு வருடம் அறை எடுத்து முகவரி மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் அந்த வாடகையை மிச்சம் பிடிக்கலாம். பிறந்தது முதலான ஊர்களைப் பார்க்கும் கணக்கில் ஒரு வருட வாடகைச் சீட்டு பெரிதாக எடைபோடாது.

வடக்கே வாழ மனம் இருக்கிறவர் பட்டப்படிப்பையே லேக்ஹெட்டிலோ, லாரன்ஷியனிலோ, நார்த் பேயின் நிப்பிஸிங்கிலோ படிக்கலாம். கோடையில் ஊர் திரும்பாமல் அங்கேயே வேலை பார்க்கலாம். பிடித்துப்போனால் விண்ணப்பத்தில் எழுத நிஜமாகவே ஏதாவது இருக்கும். பிடிக்காவிட்டால், அது 22 வயதிலேயே தெரிந்தது அவருக்கும் நல்லது, அவருக்காகக் காத்திருக்கும் ஊருக்கும் நல்லது.

இன்னொரு வழியும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மருத்துவத்தை வேறு கல்லூரியில் படித்தவரும் குடும்ப மருத்துவப் பயிற்சியை நோஸமில் செய்யலாம். அதற்கு வடக்கில் பிறந்திருக்க வேண்டியதில்லை. அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, சூ லுக்கவுட்டிலோ ஹர்ஸ்டிலோ தங்குவது என்று முடிவெடுத்தால், அந்த ஊர் அவரிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: எத்தனை வருடம் எங்களோடு இருப்பீர்கள்?